விரல் வெளியே இருக்கணும்

மார்ச் 10, திங்கள்

இன்றும் சண்டை. நூல் கலர் மாறியது ஸ்டோர்ஸ்காரர்களின் தப்பு. சீட்டில் இளம் பழுப்பு என்று எழுதியிருக்கிறது, கொடுத்தது காபி கலர். நாற்பத்தொரு ஜோடி அப்பர், ஷூவின் மேல்பாகம், தைத்து முடித்த பிறகு சூப்பர்வைசர் வந்து, ரிஜெக்ட் என்று என் மேஜை மேல் கொட்டிவிட்டுப் போகிறான். லைனில் பன்னிரண்டு பெண்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். "சங்கீதாக்கா, நீ கேளுக்கா." கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்தால் எல்லார் தலையும் மெஷினுக்குள் இருக்கிறது. சாயங்காலம் எச்.ஆர். ரூமில் எனக்கு மட்டும் அட்வைஸ். "உங்களுக்கு டெம்பர் ஜாஸ்தி."

இந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகத் தைக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் லைன் லீடர் ஆகிவிட்டார்கள். நான் ஆகாததற்கும் டெம்பர்தான் காரணமாம்.

சனிக்கிழமை மகளிர் தினம். ரோஜாப்பூ கொடுத்தார்கள், ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், கோலப்போட்டி வைத்தார்கள். கேன்டீன் பின்பக்கம் ஏதோ ஒரு கிளப் துப்பாக்கி சுடும் ஸ்டால் போட்டிருந்தது. காற்றுத் துப்பாக்கிதான். ஐந்து குண்டு, ஐந்து பலூன். ஐந்தையும் உடைத்தேன். கிளப் செயலாளர் சாமிநாதன், பைபாஸில் ஷூ பசை விற்கிற கடைக்காரர், என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். "ஞாயித்துக்கெழம வாங்கம்மா. நம்ம கிட்ட லேடீஸே இல்ல, ஒரே ஒரு மிஸ்ஸைத் தவிர."

அந்த ஐந்து குண்டு நேரம் யாரும் என்னிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. போகப்போகிறேன்.


மார்ச் 16, ஞாயிறு

பள்ளிகொண்டாவிலிருந்து அணைக்கட்டு போகும் ரோட்டில், மூடிப்போன ஒரு தோல் ஷெட். அதுதான் கிளப். கோபி பைக்கில் கொண்டுவந்து விட்டார். என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன், ஞாயிறு அவருக்கும் லீவு. "என் மேல கோவம் வந்தா எந்தக் கையால சுடுவே?" என்று வழியெல்லாம் கிண்டல்.

நான் நினைத்தது போல ஒரே இடத்தில் நின்று ஒரே வட்டத்தைச் சுடுவது இல்லை இது. பிராக்டிகல் என்று பேர். இடுப்பு உறையில் துப்பாக்கி இருக்கும். பீப் சத்தம் வந்ததும் எடுத்து, நடந்து, ஓடி, டிரம்முக்குப் பின்னாலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும் அட்டைகளைச் சுட வேண்டும். ஒரு அட்டைக்கு இரண்டு குண்டு, மிளகு அளவு இரும்புக் குண்டு. வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் மார்க். பார்த்த உடனே எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

ஆனால் துப்பாக்கி கொடுத்தால்தானே. அந்த ஒரே ஒரு மிஸ், கிறிஸ்டினா. வேலூரில் ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். இங்கே ரேஞ்ச் ஆபீஸர், அதாவது யார் சுட்டாலும் பின்னாலேயே நின்று, தப்பு நடந்தால் நிறுத்துகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். "சங்கீதா, குண்டு போட்டிருக்கோ இல்லியோ, போட்டிருக்குன்னு நெனைங்க. வாய் எப்பவும் செவுத்தைப் பாத்து இருக்கணும். சுடாத நேரத்துல விரல் வெளிய இருக்கணும், டிரிகர் வளையத்துக்குள்ள போகவே கூடாது. திருப்பிச் சொல்லுங்க." சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். இரண்டு மணி நேரம் ரப்பர் துப்பாக்கி. ஸ்கூல் பிள்ளை மாதிரி.

பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அக்கா என்றால் வாய் தேய்ந்தா போகும்?


மார்ச் 23, ஞாயிறு

இன்றும் ரப்பர்.


ஏப்ரல் 6, ஞாயிறு

கடைசியில் நிஜம். பெல்ட்டில் உறை மாட்டிக்கொடுத்தார்கள். ஊரே தோல் ஊர், உறை மட்டும் பிளாஸ்டிக். கிறிஸ்டினாவிடம் கேட்டதற்கு, தோல் மெத்தென்று மடங்கி டிரிகரில் சிக்கும், இதுதான் விறைப்பாக நிற்கும் என்றாள். இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

எட்டு அட்டை, பதினாறு குண்டு, பதினான்கு உள்ளே. பக்கத்தில் நின்ற ஆம்பளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். சாமிநாதன் சார் கை தட்டினார். கிறிஸ்டினா கை தட்டவில்லை. "குறி நல்லாருக்கு. ஒரு அட்டையிலேர்ந்து இன்னொரு அட்டைக்குப் போம்போது விரல் உள்ளயே நிக்குது" என்றாள். அதன் பிறகு என் முதுகுக்குப் பின்னால் விரல், விரல் என்று ஒரே ஜபம். பொறாமையா? ஒரே ஒரு லேடீஸ் என்ற பேர் போய்விடும் என்றா?


ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டில் பழகுவதற்கு ரப்பர் துப்பாக்கியைத் தந்தார்கள். சமையலறையில் காஸ் அடுப்பைப் பார்த்து எடுத்து எடுத்துப் பழகினேன். எதிர்வீட்டு மீனாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு கோபியிடம் போய், "தம்பி, உங்களுக்குள்ள இன்னா பேஜாரு இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றாளாம். கோபி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.


மே 11, ஞாயிறு

ஆத்திரம். எழுதினால்தான் அடங்கும்.

இன்று முதல் போட்டி. திருப்பத்தூர், காட்பாடியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், மொத்தம் பதினேழு பேர். நாலு ஸ்டேஜ், அதாவது நாலு சுற்று. லைன் பொண்ணுங்க மூணு பேர் பார்க்க வந்திருந்தார்கள். நான் புது சல்வார், மேலே பெல்ட். முதல் ஸ்டேஜ் நானே நம்பாத அளவுக்குப் போனது, லிஸ்ட்டில் ஆறாவது. ஆறாவது. பத்து வருஷமாகச் சுடுகிறவர்கள் எனக்குக் கீழே.

இரண்டாவது ஸ்டேஜ். பீப். மூன்று அட்டை சுட்டேன், டிரம் பக்கம் ஓடினேன். பின்னாலிருந்து, "ஸ்டாப்."

நின்றேன். குண்டைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். துப்பாக்கியை உறையில் போடச் சொன்னாள், போட்டேன். அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி, "ஓடும்போது விரல் டிரிகர்ல இருந்தது. டிஸ்குவாலிஃபைட்." இந்த ஸ்டேஜுக்கு மட்டும் இல்லையாம். முழுப் போட்டியிலிருந்தும் வெளியே. சுட்டதும் போச்சு, ஆறாவது இடமும் போச்சு. லிஸ்ட்டில் என் பேருக்கு நேராக ஒரு கோடு.

என் விரல் வெளியேதான் இருந்தது. எனக்குத் தெரியாதா என் விரல்? ஒரு தரம் எச்சரிக்கை கொடுத்தாளா? கொடுத்திருக்கலாம் இல்லையா? நேராகவே கேட்டேன். "நான் கம்பெனில தைக்கிறவன்னுதான இளக்காரம்? டீச்சரா இருந்தா இப்டி செய்வியா?" சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். முகத்தைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லைன் பொண்ணுங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?

கோபி போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.


மே 12, திங்கள்

சாமிநாதன் சார் போன். "நேத்து ராத்திரி தூக்கமே வரலம்மா எனக்கு. ஓங்களுக்கு நடந்தது அநியாயம். வாயில சொன்னா காத்தோட போய்டும். எழுத்துல குடுங்க, கமிட்டியில நான் பாத்துக்கறேன்."

ஒரு மனுஷனாவது இருக்கிறாரே.


மே 14, புதன்

சார் கடைக்குப் போய் எழுதிக்கொடுத்தேன். என் விரல் வெளியே இருந்தது. எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நான் தொழிலாளி என்பதால் அவமானப்படுத்தினார். இவ்வளவும் என் வார்த்தை. கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் சாமிநாதன் சார்: "பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற இடத்தில் இருப்பவர் இப்படி ஓரவஞ்சனை செய்யலாமா?" கொஞ்சம் ஜாஸ்தியோ என்று தோன்றியது. அப்புறம் அவள் எழுதிக்கொண்டே நின்றது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.


மே 25, ஞாயிறு

கிறிஸ்டினாவை எடுத்துவிட்டார்கள். கிளப் பக்கமே வர வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. இருக்கிறதா? இருக்கிறது.


ஜூன் 1, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும். நிதானம் வரவில்லை.

இன்று பயிற்சிக்கு ரேஞ்ச் ஆபீஸர் யாரும் இல்லை. "நாமளே பாத்துக்கலாம், எல்லாம் பெரியவங்கதான" என்றார் சாமிநாதன் சார். ஒரு சுற்று முடிந்து, அட்டைகளில் ஓட்டை விழுந்த இடங்களில் ஸ்டிக்கர் ஒட்ட நான் முன்னால் போனேன். ஆட்கள் முன்னால் இருக்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் உறையைத் தொடவே கூடாது. அதுதான் முதல் நாள் பாடம். குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன், பட் என்று ஒரு சத்தம். என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி அட்டையில் புது ஓட்டை.

திரும்பினால் கௌதம். சாமிநாதன் சாரின் தங்கை மகன், இருபத்துநாலு வயது. கையில் துப்பாக்கி, முகத்தில் இளிப்பு. "சாரிக்கா. காலியா இருக்குன்னு நெனச்சேன்."

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தேன் நான். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால்?

நான் போட்ட சத்தத்தில் ஷெட்டுக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்திருக்கும். இவனை வெளியே அனுப்புங்கள் என்றேன். சாமிநாதன் சார் என் தோள்பக்கம் வந்து, ரொம்ப அன்பாக, "காத்துத் துப்பாக்கிதானம்மா. வெளாட்டுப் புத்தி. அந்தக் கிறிஸ்டினா இருந்திருந்தா இதுக்கே மூணு மாசம் பஞ்சாயத்து வெச்சிருப்பா. ஜனவரியில இவன ஒருதரம் வெளிய அனுப்பிச்சா, எவ்ளோ சொல்லியும் கேக்கல. அப்பவே அவள எடுக்கப் பாத்தேன், ஒரு காரணம் சிக்கல. நல்லவேளை ஓங்க லெட்டர் வந்துது. வேல சுலுவா முடிஞ்சிது."

சுலுவா முடிஞ்சிதாம்.

லைனில் பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள், நான் எழுந்து போவேன். இங்கே ஒரே ஆள் பார்த்தார், போன் போட்டார், தூக்கமே வரலம்மா என்றார், நான் எழுந்து போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். என் கோபம் எனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிக்கொண்டு போகிற வாடகை சைக்கிள் அது. த்தூ.

ஆனாலும் ஒன்று. அன்றைக்கு என் விரல் வெளியேதான் இருந்தது. அதில் மாற்றமில்லை.


ஜூன் 2, திங்கள்

மாற்றம் இருக்கிறது.

நேற்று நடந்ததையெல்லாம் சொல்லி, கிறிஸ்டினா செய்ததும் தப்புதான், இவர்கள் செய்ததும் தப்புதான் என்று கோபியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து போனை நீட்டினார். "திட்டாம பாரு."

மே 11 வீடியோ. நான் சுடுவதை எடுத்திருக்கிறார். இருபத்து மூன்று நொடி. மூன்றாவது அட்டை முடிந்து நான் திரும்புகிறேன், ஓடுகிறேன். வலது பக்கத்திலிருந்து எடுத்ததால் கை நன்றாகவே தெரிகிறது. விரல் உள்ளே. வளையத்துக்குள்ளே, டிரிகரை ஒட்டி, சுகமாகப் படுத்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கிறிஸ்டினா குரல். "விரல்." இரண்டு அடி கழித்து, இன்னும் பெரிதாக, "விரல்." அப்புறம்தான் "ஸ்டாப்."

இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். எச்சரிக்கையே தரவில்லை என்று நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது முறை பார்த்தேன். ஒரு முறையாவது விரல் வெளியே வராதா என்று.

அப்புறம் கோபியைப் பிடித்துக்கொண்டேன். மூணு வாரமா இத பாக்கெட்ல வெச்சிக்கினு இருந்தியா நீ? நான் அந்த லெட்டர எழுதப் போறப்போ எங்க போய்ட்டே? "சொல்ற மாதிரியா இருந்தே?" என்றார். "ஒனக்கு கோவம் வந்தா நான் பக்கத்து ரூமுக்குப் போய்டுவேன். பன்னெண்டு வருசமா அதான் பழக்கம்."

அது உண்மை. அதனால் இன்னும் கோபம்.


ஜூன் 3, செவ்வாய்

மெஷினில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தேன். பதினான்கு வருஷத்தில் முதல் முறை.

தைக்கும்போது இடது கை தோலைத் திருப்பும். வலது ஆள்காட்டி விரல் ஊசிக்குப் பக்கத்திலேயே, தோல் விளிம்பை அழுத்திக்கொண்டு இருக்கும். தையல் நின்றாலும் அந்த விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் விளிம்பு ஒரு நூல் நகரும், பீஸ் ரிஜெக்ட். புதிதாக வருகிற பெண்களுக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், மெஷின் நின்னாலும் விரல எடுக்காத என்று. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பும், உடம்பு திரும்பும். விரல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

ஒரு அட்டை முடிந்து அடுத்த அட்டைக்கு ஓடும்போது, இந்த நாசமாய்ப் போன விரல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பீஸ் நகராமல் பார்த்துக்கொள்கிறது.

கம்பெனிக்காரி என்று இளக்காரமா என்று கேட்டேனே. கம்பெனி என் விரலில்தான் இருந்தது. கிறிஸ்டினாவின் வாயில் இல்லை.


ஜூன் 5, வியாழன்

சாமிநாதன் கடைக்குப் போனேன். (சார் எல்லாம் இனி கிடையாது.) வீடியோவைக் காட்டினேன். லெட்டரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கமிட்டியில் சொல்லுங்கள் என்றேன்.

முழுக்கப் பார்த்தார். பசை டின்னை ஒழுங்காக அடுக்கி வைத்தார். "இத அழிச்சிடும்மா. முடிஞ்ச விசயம். ஓங்க மேலதான் பழி வரும், பொய்க் கம்ப்ளெயின்ட்டுன்னு. அடுத்த மாசம் சென்னையில போட்டி, நம்ம கிளப் சார்பா லேடீஸ்ல ஓங்கள அனுப்பலாம்னு இருக்கேன்."

சென்னை. அதைச் சொன்னதும் போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன். ஒரு நிமிஷம் சென்னையைத்தான் நினைத்தேன்.


ஜூன் 7, சனி

வீடியோவை அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். இன்று சோறு குழைந்ததற்குக் குக்கரைத் திட்டினேன்.


ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோவைப் போட்டேன். அறுபத்து மூன்று பேர் இருக்கிற குரூப். கீழே எழுதியது:

"மே 11 போட்டியில் என்னை வெளியேற்றியது சரி. விரல் உள்ளே இருந்தது. கிறிஸ்டினா மிஸ் இரண்டு முறை எச்சரித்தார், எனக்குக் கேட்கவில்லை. எச்சரிக்கவில்லை என்று நான் எழுதிக்கொடுத்தது பொய். ஜூன் 1 அன்று நான் முன்னால் இருந்தபோது கௌதம் சுட்டார். அது உண்மை. சங்கீதா."

இருபது நிமிஷம் போனது. அப்புறம் ஒருத்தர் கைகூப்பும் படம் போட்டார். கிளப்பின் காட்பாடி மெம்பர் ஒருத்தர், "ஜனவரியில் கௌதம் ஆளைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருப்பியதை நானும் பார்த்தேன், சொல்லாமல் விட்டது என் தப்பு" என்று எழுதினார். மத்தியானத்துக்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாமிநாதன்தான் அட்மின்.

சென்னைக்கு நாமம்தான். போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆத்திரமாகத்தான் இருக்கிறது.


ஜூன் 10, செவ்வாய்

பர்மிஷன் போட்டுவிட்டு வேலூர் போனேன். ஸ்கூல் கேட்டில் நின்றேன். கிறிஸ்டினா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தாள். மன்னிப்பு கேட்பது எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்ததெல்லாம் மறந்துவிட்டது. "வீடியோ பாத்தீங்களா மிஸ்?" என்றேன்.

"பாத்தேன். காட்பாடி சார் அனுப்பிச்சார்." விசிலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "நீங்க எழுதினது இங்கயும் வந்துது, தெரியுமா? பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற எடத்துல இருக்கறவங்க ஓரவஞ்சன செய்யலாமான்ற மாதிரி ஒரு வரி. கிளப்லேர்ந்து எங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கு காப்பி போட்ருக்காங்க. விளக்கம் எழுதிக் குடுன்னுட்டாங்க. ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து என்னை கிரவுண்டுல தனியா விடறதில்ல. வேற ஒரு டீச்சர் கூட நிப்பாங்க."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.

ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். உள்ளே போய் வீடியோவைக் காட்டி, நான்தான் எழுதினேன், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஏன்மா அப்படிச் செய்தீங்க?" என்றார். "கோவத்துல." அதைச் சொல்லும்போது அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக இருந்தது. எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதினேன். இந்த முறை எல்லா வரியும் என்னுடையது.

கேட் வரை கிறிஸ்டினா வந்தாள். தேங்க்ஸ் எல்லாம் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன், வெட்கக்கேடு.


ஜூன் 29, ஞாயிறு

காட்பாடி மெம்பர்கள் கூட்டம் கூட்டிவிட்டார்களாம். சாமிநாதன் செயலாளர் இல்லை. கௌதமுக்கு ஒரு வருஷம் தடை. எனக்கு இரண்டு மாதம் போட்டிக்குத் தடை, பொய்ப் புகாருக்காக. பயிற்சிக்கு வரலாம். கிறிஸ்டினா திரும்ப வருகிறாள்.

இரண்டு மாதம் நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் கதவை ஓங்கிச் சாத்தினேன்.


ஜூலை 6, ஞாயிறு

"மொதல்லேர்ந்து" என்றாள் கிறிஸ்டினா. ரப்பர் துப்பாக்கி. எடு, குறி வை, விரலை எடுத்து மேலே துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டு, நட. எடு, குறி வை, நீட்டு, நட. இருநூறு தரம். தையல் கதையைச் சொன்னேன். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், விரல் நுனியில் காய்ப்பு இருந்த இடத்தை. "அப்ப இருநூறு பத்தாது" என்றாள்.


ஜூலை 16, புதன்

கம்பெனியில் அதே விரலால் நாலு பீஸ் ரிஜெக்ட். தையல் நின்றதும் விரல் தானாக மேலே நீட்டிக்கொள்கிறது. சூப்பர்வைசர் கத்தினான். இங்கே எடுக்கக் கூடாது, அங்கே எடுக்க வேண்டும். ஒரு விரலுக்கு இரண்டு முதலாளி. நான் யாரிடம் போய்ச் சொல்ல?


ஆகஸ்ட் 6, புதன்

லைனில் மறுபடி நூல் தகராறு. பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பின. "வாங்க, சேந்து போலாம்" என்று எழுந்து நின்றேன். நாலு பேர் வந்தார்கள். நாலு.


செப்டம்பர் 14, ஞாயிறு

தடை முடிந்து முதல் போட்டி. பதினாலு பேர். எனக்குப் பின்னால் டைமரோடு நின்றது கிறிஸ்டினாதான்.

மெதுவாகத்தான் போனேன். ஒவ்வொரு நகர்வுக்கும் விரலை நீட்டி, ஒரு மூச்சு விட்டு, பிறகு கால். பின்னால் இருந்தவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். நாலு ஸ்டேஜும் முடித்தேன். யாரும் நிறுத்தவில்லை.

கடைசி ஸ்டேஜில் மார்க் போடும்போது ஒரு அட்டையில் நடுவில் ஒரே ஒரு ஓட்டை. இரண்டு இருக்க வேண்டும். கிறிஸ்டினா குனிந்து பார்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், ஸ்கேலை வைத்து அளந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஓட்டை கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல போயிருக்கலாம். என்னால அடிச்சுச் சொல்ல முடில. நீங்க சொல்லுங்க, அத எழுதறேன்."

அவள் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் ஒட்ட நின்ற ஆளும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டு என்று சொன்னால் பன்னிரண்டாவது இடம். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது குண்டுக்கு நான் அவசரப்பட்டேன். டிரிகரை இழுக்கும்போது துப்பாக்கி முனை அட்டையில் இல்லை, பக்கத்துச் சுவரில் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"ரெண்டாவது குண்டு படல, மிஸ்ஸுன்னு போடுங்க" என்றேன்.

எழுதினாள். சீட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

பதினாலு பேரில் பதினாலாவது. திரும்பி வரும்போது கோபி கேட்டார், "ரெண்டுன்னு சொல்லிருக்கலாம்ல?" சொல்லியிருக்கலாம். மாதனூர் தாண்டும் வரை விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு கோபம், அந்த இரண்டாவது குண்டு மேல்.